கட்டைவிரலால் கேட்ட கதைகள்

முதலில் போனது மீன்முள்.

சைகோனில் எங்கள் வீட்டில், ஆக்கிய மீனில் முள் எடுத்துப் பேரப்பிள்ளைகளுக்கு ஊட்டுவது என் வேலை. நான் முள் எடுத்த மீனைக் கண்ணை மூடிக்கொண்டு தின்னலாம் என்று காரைக்காலிலேயே பேர் வாங்கியவள் நான். அப்படிப்பட்ட நான் எடுத்துவைத்த மீனைத் தின்றுவிட்டு, ஒரு நாள் என் மகன் துரைசாமி தொண்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். வெறுஞ்சோற்றை உருண்டை பிடித்து விழுங்கவைத்தோம். முள் இறங்கியது. என் பேர் அன்றைக்கு ஏறவில்லை.

நான் முள் எடுக்கும் நேரத்தில்தான் மருமகள் தனம் எனக்குக் கதை படித்துக் காட்டுவாள். மதராசிலிருந்து கப்பலில் வரும் மாதப் பத்திரிகையில் ஒரு தொடர்கதை. ஜமீன் வீட்டில் வைர மூக்குத்தி காணாமல் போய்விட்டது. எல்லோருக்கும் சமையற்காரி மேல் சந்தேகம். நான் சமையற்காரி கட்சி.

எனக்கு எழுத்துத் தெரியாது. ஆபீசுக் காகிதம் எது வந்தாலும் கைநாட்டுதான். இதைக்கூட நான் சொல்லச் சொல்லத் தனம்தான் எழுதுகிறாள். நான் பேசுவதை அப்படியே எழுதடி என்றால், “அச்சுல வந்தா நாலு பேரு படிப்பாங்க அத்தை, கொஞ்சம் சீவிவிடணும்” என்கிறாள், என்னவோ இது என் தலைமுடி மாதிரி. கண்புரை வந்து கட்டிலில் படுக்கப்போகிற யாருக்காவது உதவட்டும் என்றுதான் சொல்கிறேன். சீவினால் சீவட்டும்.

“கதையில புத்திய வச்சிக்கிட்டு, முள்ள எனக்கு வச்சிட்டீங்களேம்மா” என்றான் துரைசாமி. நானும் அப்படித்தான் நினைத்தேன். அதனால் மீன் நேரத்தில் கதை நின்றது. ஆனால் கதை இல்லாத வீட்டிலும் முள் வந்துகொண்டே இருந்தது. விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தது. எதிர்வீட்டு வாசலில் நின்றது தூணா ஆளா என்று தெரியாமல், ஒரு தூணை நலம் விசாரித்தேன். அப்போதுதான் குற்றம் கதை மேல் இல்லை, கண் மேல் என்று எல்லோருக்கும் தெரிந்தது. எனக்கு அதில் ஒரு சின்னச் சந்தோஷம்கூட. கதையின் பேர் கெடவில்லையே.

ஆனால் என்னிடம் இருந்தது ஒரு கண்தான். இடது கண்ணில் முன்பே புரை வந்து, ஊருக்குப் போயிருந்தபோது ஊசியால் புரை தள்ளுகிறேன் என்று வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். புரையும் போயிற்று, கண்ணும் போயிற்று. மீதி இருந்தது வலது கண்.

ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னதைத் துரைசாமி தமிழில் சொன்னான். கண்புரை (கண்மணிக்குப் பின்னால் இருக்கும் பளிங்கு வெள்ளை படிந்து மங்குவது) நன்றாக முற்றியிருக்கிறது. அறுத்து எடுத்தால் பார்வை வரலாம். அறுப்பது டாக்டர் வேலை. அதற்குப் பிறகு புண் கூடும்வரை அசையாமல் கிடப்பது என் வேலை. சிரிக்கக் கூடாது, அழக் கூடாது, இருமக் கூடாது, தும்மக் கூடாது, வெற்றிலை போடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், தலையை அசைக்கவே கூடாது.

“புரியுதான்னு கேக்குறாரும்மா” என்றான் மகன்.

நான் பெரிதாகத் தலையாட்டினேன். நம் ஊர்த் தலையாட்டு, இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாக. டாக்டர், இந்த அம்மாள் மாட்டேன் என்கிறாள் என்று நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி சொன்னார். மறுபடியும் ஆட்டினேன். பாவம், மனிதர் மூன்றாவது தடவையும் சொன்னார். அந்தத் தலையாட்டு என்னை எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அறுவையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பயப்படாதீர்கள். மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டார்கள். வலியில்லை. யாரோ என் வீட்டுச் சன்னலை அவர்கள் பாட்டுக்குத் துடைத்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. பிறகு இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டினார்கள். மல்லாக்கப் படுக்கவைத்து, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை அண்டைக் கொடுத்தார்கள். கஞ்சியைக் கூடப் படுத்த வாக்கில் மூக்குக் கிண்ணியில்தான் குடிக்க வேண்டும். குழந்தைக்குச் சங்கில் பால் புகட்டுவதுபோல்.

எனக்கு வலப்புறக் கட்டிலில் ரொசாலி அம்மாள். புதுச்சேரிக்காரர், கோர்ட்டில் வேலை பார்க்கும் தமிழ்க் கிறிஸ்தவரின் மனைவி. இடப்புறம் ஹான் என்ற அன்னாமிப் பெண், இந்த நாட்டுக்காரி, பள்ளிக்கூட வாத்தியாரம்மா. அவர்களுக்கும் கண் அறுத்துக் கட்டியிருந்தது. முகம் பார்க்காமலே பழகினோம். ஹானோடு நான் அவர்கள் மொழியில் பேசுவேன். இத்தனை வருஷம் மார்க்கெட்டில் மீன் வாங்கிய மொழி அது. அவள் என்னைப் ‘பா’ என்பாள். அவர்கள் மொழியில் பாட்டி.

“நான் இங்க படுக்க வேண்டியவளே இல்ல” என்று முதல் நாளே அறிவித்தார் ரொசாலி அம்மாள். “எங்க வீட்டுக்காரரு பிரெஞ்சுப் பிரஜை. பிரஜைங்க வார்டுல கூரை ஒழுவுது, அதான் இங்க போட்டிருக்காங்க.”

“மழைக்குத் தெரியுதா மதாம், யாரு பிரஜைன்னு” என்றேன்.

“சிரிக்க வைக்காதீங்க. கண்ணு போயிடும்” என்று அதட்டினார். அதிலிருந்து சிநேகம்.

ஒரு நாள் பிற்பகல், வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ரொசாலி அம்மாள் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார். “பாதியில வச்சிட்டு வந்திட்டேன்.”

“அடுப்புலயா மதாம்?”

“புஸ்தகம்! நல்ல கட்டம். கொண்டை ஊசிய அடையாளம் வச்சி மூடிட்டு வந்திருக்கேன்.”

இடப்பக்கத்திலிருந்து ஹான் பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். அவளும் ஒரு புத்தகத்தைப் பாதியில் விட்டு வந்தவள்தானாம். எழுத்து மங்க மங்க, சன்னலுக்குக் கொண்டுபோய், பிறகு வாசலுக்குக் கொண்டுபோய், கடைசியில் தெருவில் நின்று படித்தாளாம். எனக்கு வயிறு குளிர்ந்தது. “நானும் பாதியிலதான் விட்டு வந்தேன்” என்றேன் பெருமையாக.

“ஒங்களுக்குத்தான் எழுத்துத் தெரியாதுன்னீங்க?” என்றார் ரொசாலி அம்மாள்.

“என் மருமவ படிப்பா. நான் கேப்பேன். கதை எனக்குள்ளதான வந்து எறங்குது?”

“ஒரு வெதத்துல குடுத்து வச்சவங்க நீங்க” என்றார். “கண்ணு போனாலும் ஒங்களுக்குப் புஸ்தகம் போவாது. எங்களுக்குத்தான் ரெண்டும் போவும்.”

“புஸ்தகம் போவாது மதாம். ஆனா எம் பேரப்புள்ளைங்க வாயில முள்ளு இல்லாம மீன் வைக்கணும். அதுக்கு யாரு படிச்சிக் காட்டுவா?”

“சரி, எங் கதைய சொல்றேன், கேளுங்க” என்றார்.

அடடா, அந்த அம்மாள் சொன்ன அழகை நான் எப்படிச் சொல்வேன்! துறைமுகத்து ஊரில் ஒரு விதவை சத்திரம் நடத்துகிறாள். வருஷத்துக்கு ஒருதரம் ஒரே ஆள் வருகிறான். அதே அறையைக் கேட்கிறான். கதவைத் தாழிட்டுக்கொள்கிறான். காலையில் போய்விடுகிறான். பெட்டி கிடையாது, பேச்சு கிடையாது. அந்த விதவைக்குப் பொறுக்கவில்லை. மாடிப்படி ஏறுகிறாள், குனிகிறாள், சாவித் துவாரத்தில் கண்ணை வைக்கிறாள். அங்கேதான் கொண்டை ஊசி. கூரை ஒழுகியதற்குக் கோபித்த அதே குரல், அந்தப் படியில் ஏறும்போது எத்தனை மெதுவாகிவிட்டது! நானே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பின்னால் போவதுபோல் இருந்தது.

மறுநாள் என் முறை. மூக்குத்திக் கதையைச் சொன்னேன். தமிழில் ஒரு வரி, ஹானுக்காக அவள் மொழியில் ஒரு வரி. ஜமீன்தாருக்கு அவள் மொழியில் என்ன பேர் என்று தெரியாமல் ‘வயல்காரப் பெரிய ஐயா’ என்று வைத்தேன். சொல்லி முடித்ததும், “அந்த சமையற்காரி எடுக்கல பா. நெருப்புக்கிட்ட நிக்கிறவளுக்கு மூக்குத்தி எதுக்கு, வேர்வைதான் வழியும்” என்றாள் ஹான். என் கட்சிக்கு ஆள் சேர்ந்தது.

அதற்கடுத்த நாள் ஹான். அவளுடையது பாட்டாகவே எழுதின கதை. ராகம் போட்டு மெல்லச் சொன்னாள். ஆற்றங்கரையில் ஓடம் விடுகிற ஒரு பெண். ஊரில் சண்டை. தோற்றுத் தப்பி ஓடுகிற தளபதி ஒருவன், மூடுபனியில் வந்து அவள் ஓடத்தில் ஏறுகிறான். அவனைப் பிடிக்க வருகிற தளபதியும் அதே பனியில் அதே ஓடத்தில் ஏறுகிறான். இருவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. அவளுக்குத் தெரியும். இருவரும் உட்கார்ந்து, எந்த ஊர் பம்பளிமாஸ் பழம் ருசி என்று பேசிக்கொண்டு வருகிறார்கள். ஓடம் நட்டாற்றுக்கு வந்துவிட்டது.

“இங்கதான் என் கண்ணு நின்னுபோச்சு பா” என்றாள்.

நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. ஒரு நல்ல சங்கதியைக் கேட்டால் சும்மா இருக்கிற தலையா நம் தலை? ‘ஆகா’ என்று மணல் மூட்டையை மீறி ஒரு ஆட்டு ஆட்டிவிட்டேன். கண்ணுக்குள் நெருப்பு ஊசி பாய்ந்தது.

வார்டைப் பார்த்துக்கொள்ளும் கன்னியாஸ்திரீயை நாங்கள் ‘மாமேர்’ என்போம். அவர் ஓடிவந்து டாக்டரைக் கூப்பிட்டார். கட்டைப் பிரித்துப் பார்த்த டாக்டர் விளக்கை இன்னும் கிட்டே கொண்டுவரச் சொன்னார். முன்னறை இரத்தக்கசிவு (கருவிழிக்கும் கண்மணிக்கும் நடுவில் இரத்தம் தேங்குவது) என்றார். இது தானாக வற்றிவிடலாம். ஆனால் இன்னொரு தடவை தலை அசைந்தால் தையல் விரியும், கண்ணுக்குள் இருப்பது வெளியே வந்துவிடும், அதன்பிறகு தன்னால் ஒன்றும் செய்ய முடியாது.

என்ன நடந்தது என்று கேட்டார். ரொசாலி அம்மாள் சொன்னார். கதைக்குத் தடை விழுந்தது.

“கதையும் வாணாம் ஒண்ணும் வாணாம்மா” என்றான் துரைசாமி. “ஒங்களுக்குக் கண்ணு வந்தாப் போதும். நான் முள்ளோட தின்னுக்கிறேன்.”

அழக் கூடாது என்பதால் அழவில்லை. மூன்று பேரும் மூன்று மூட்டை மாதிரிக் கிடந்தோம். அந்த நாட்களைத்தான் நான் நோய் என்று சொல்வேன். இருட்டுக்குள் செய்ய ஒன்றுமில்லாதபோது மனம் நேரே பயத்திடம் போய் உட்கார்ந்துகொள்கிறது. இனி பேரப்பிள்ளைகள் முகமே இல்லையா? தனம் கண்ணுக்கு மை வைத்திருக்கிறாளா என்று தெரியாதா? எனக்காக மற்ற இருவருக்கும் கதை போயிற்றே என்ற வெட்கம் வேறு.

கடைசியில் ரொசாலி அம்மாளுக்குத்தான் பொறுக்கவில்லை. “ஒங்க தலைக்கு என்னதான் வேணுமாம்? ஒரு சங்கதி நல்லா இருந்தா ஆடியே தீரணுமா? ஆட்டறதுக்கு ஒடம்புல வேற எடமே இல்லையா? காலை ஆட்டித் தொலைங்களேன்!”

கோபமாகத்தான் சொன்னார். நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். கண்ணிலிருந்து வெகுதூரத்தில், கட்டிலின் அந்தக் கோடியில், எனக்கு ஒரு கால் கட்டைவிரல் சும்மாதானே கிடக்கிறது?

ஆனால் விரலைப் பழக்குவது லேசில்லை. முதலில் கதையில் கைவைக்கவில்லை. தனம் கஞ்சி கொண்டுவரும்போது சின்னச் சின்ன நல்ல செய்தியாகச் சொல்லச் சொன்னேன். என் நெற்றியில் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டு சொல்வாள்.

“இன்னிக்கி மார்க்கெட்ல துள்ளத் துள்ள வாளை வந்திருந்திச்சி அத்தை.”

விரல் ஆடியது. தலை கொஞ்சம் கிளம்பியது, அவள் கை பிடித்துக்கொண்டது.

“ஒங்க மவன் நேத்து ரசம் வச்சாரு.”

“நல்லாருந்திச்சா?”

“இல்ல.”

விரல் தானாக நின்றது. இப்படி மீனிலிருந்து ரசத்துக்கும், ரசத்திலிருந்து சின்னவன் பேசிய மழலைக்கும் ஏறி, நெற்றியில் கை இல்லாமலே தலை கல்லாகக் கிடக்கக் கற்றுக்கொண்டது. அதற்குள் கப்பலும் வந்தது. தனம் புதுப் பத்திரிகையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வந்து, காதோடு காதாகப் படித்தாள். மூக்குத்தி சமையற்கட்டிலேயே கிடைத்தது, அதுவும் அரிசிப் பானைக்குள்! சமையற்காரி மாட்டிக்கொண்டாள். என் தலை அசையவில்லை. கால் மட்டும் போர்வைக்குள் அவளுக்காக வாதாடியது.

அதை மாமேர் பார்த்துவிட்டார். புண்ணில் விஷம் ஏறி ஜன்னி கண்டுவிட்டது என்று நினைத்து, சிலுவை போட்டுக்கொண்டே ஓடி டாக்டரை இழுத்து வந்தார். டாக்டர் என் காலைப் பிடித்துப் பார்த்தார், நாடி பார்த்தார். ரொசாலி அம்மாள் பிரெஞ்சில் எல்லாவற்றையும் விளக்கினார். பிறகு அந்த வார்டில் சிரிக்க அனுமதி பெற்ற ஒரே மனிதர் வாய்விட்டுச் சிரித்தார்.

“என்ன சொல்றாரு மதாம்?”

“காலு அவரு பிரிவு இல்லையாம். கண்ணு அசையாத வரைக்கும் காலு என்ன பண்ணாலும் தனக்குக் கவலை இல்லையாம். கதை சொல்லிக்கலாமாம். ஆனா மெதுவா.”

அதோடு விடவில்லை ரொசாலி அம்மாள். “நீங்க இப்ப என்ன படிக்கிறீங்க?” என்று டாக்டரையே கேட்டுவிட்டார். ஆற்றில் தூண்டில் போட்டு மீன் பிடிப்பது எப்படி என்று ஒரு தடிப் புத்தகமாம். தினம் ஒரு பக்கம், அதற்குள் தூங்கிவிடுவாராம். இன்னும் புழுவைத் தாண்டவில்லையாம். ஆனால் அந்தப் புழுவைப் பற்றி நின்று சொன்னார் பாருங்கள், என் விரல் ஆடியது. அத்தனை பெரிய மனிதர், தனக்குப் பிடித்த புத்தகத்தைப் பற்றிப் பேசும்போது பலகாரக் கடை வாசலில் நிற்கும் பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். நான் அதுவரை கண்ட அழகுகளில் அதுவும் ஒன்று. கண் கட்டியிருந்தும் கண்டேன்.

கட்டு அவிழ்க்கும் நாள் வந்தது. தனம் என் ஒரு கையை, துரைசாமி ஒரு கையை. துணி ஒவ்வொரு சுற்றாகப் பிரிந்தது. டாக்டர் சன்னல் பலகையைக் கொஞ்சம் திறக்கச் சொன்னார். வெளிச்சம் வந்தது. முதலில் வெறும் வெள்ளை. பிறகு வெள்ளைக்குள் நீலமாக ஒன்று அசைந்தது. அது தனத்தின் சேலை. கத்தரிப்பூ நிறம் என்று நான் நினைத்திருந்த சேலை, அத்தனை நீலம்! அதற்கு மேலே அவள் முகம், கன்னத்தில் வழிகிற தண்ணீர்.

தெரிகிறதா என்று டாக்டர் கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. தலையும் பழைய பயத்தில் அப்படியே கிடந்தது. டாக்டர் என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் இல்லை. பிறகு மெல்லத் திரும்பி, கட்டிலின் கால்மாட்டைப் பார்த்தார்.

விரல் ஆடிக்கொண்டிருந்தது.

“போன்! போன்!” என்றார். பிரெஞ்சில் ‘நல்லது’ என்று புரிந்துகொள்ள மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

ரொசாலி அம்மாளுக்கும் பார்வை வந்தது. குரலை வைத்து அவரை ஒல்லியாக உயரமாக நினைத்திருந்தேன். கட்டில் நிறைய இருந்தார். அவரும் என்னைப் பார்த்துவிட்டு, “இவ்வளவு சின்ன ஆளா நீங்க?” என்றார்.

ஹானுக்கு வரவில்லை. அவளுக்குப் புரையோடு வேறு ஒன்றும் இருந்திருக்கிறது, கண்ணழுத்தம் (கண்ணுக்குள் நீர் முட்டி, பார்வை நரம்பை நசுக்குவது). அதனால் போன பார்வையை அறுவையால் திருப்பித் தர முடியவில்லை. “வெளிச்சம் தெரியுது பா” என்றாள். “சன்னல் எங்க இருக்குன்னு தெரியுது. மத்ததக் கேட்டுக்கிறேன்.” முதன்முதலாகப் பார்த்த அவள் முகத்தை, அவள் என்னைப் பார்க்காமலே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எழுத்துத் தெரியாது, கண் வந்தது. இதற்கு யாரிடம் போய் நியாயம் கேட்பது?

வீடு திரும்புகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தடிக் கண்ணாடி கொடுப்பார்கள். அதைப் போட்டால் உலகம் பெரிதாகிக் கிட்டே வந்துவிடும். செம்பை எடுக்கப் போவீர்கள், கை செம்புக்கு முன்னாலேயே மூடிக்கொள்ளும். காப்பியைத் தம்ளருக்கு இந்தப் பக்கம் ஊற்றுவீர்கள். படி இறங்கும்போது தரை சீக்கிரம் வந்ததாக நினைத்துக் காலை வைத்தால், தரை இன்னும் வந்திருக்காது. கோபித்துக்கொள்ளாதீர்கள். கை தானாகப் புது அளவைக் கற்றுக்கொள்ளும். மீன்முள் ஒவ்வொன்றும் எனக்கு இப்போது தென்னை ஈர்க்குப் பருமன். துரைசாமி மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டு தின்கிறான்.

ரொசாலி அம்மாள் ரிக்‌ஷா வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார், கையில் புத்தகம், முகத்தில் கோபம். “படிச்சி முடிச்சிட்டேன். சாவித் தொளையில பாத்தா, அந்த ஆளு தூங்குறான்! வீட்டுல எக்கச்சக்கப் புள்ளைங்களாம். வருஷத்துல ஒரு நாளு நிம்மதியாத் தூங்க வர்றானாம். இதுக்கா நான் கண்ணு அறுத்துக்கிட்டேன்?” தனம் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கோ அந்த ஆளை ரொம்பப் பிடித்துவிட்டது.

போன வாரம் இருவருமாக ஹான் வீட்டுக்குப் போனோம். அவள் தங்கை புத்தகத்தை விரித்து, ஓடம் நட்டாற்றில் நின்ற இடத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். தரையில் பாய். ஹான் என் கால்மாட்டில் வந்து உட்கார்ந்தாள். கையை நீட்டித் தடவி, என் கால் கட்டைவிரல் மேல் வைத்தாள். நான் பதறி இழுத்துக்கொண்டேன். வாத்தியாரம்மா கை என் காலில் படலாமா? எங்கள் ஊரில் நான்தான் அவள் காலைத் தொட வேண்டும்.

“வைங்க பா. நீங்க எங்க ஆடுறீங்கன்னு எனக்குத் தெரியணும். தனியாக் கேட்டா ருசிக்கல” என்றாள்.

காலை நீட்டினேன்.

பனிக்குள் கரை தெரிய ஆரம்பிக்கிறது. கரை வந்தால் வெளிச்சம் வரும். வெளிச்சம் வந்தால் இருவரும் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொள்வார்கள். தளபதிகள் இன்னும் பழத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஓடக்காரி ஒன்றும் சொல்லவில்லை. துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஓடம் கரைக்குப் போகாமல் ஆற்றோடு போனது. அவர்கள் பேசட்டும் என்று விட்டுவிட்டாள்.

தங்கை பக்கத்தைத் திருப்பாமல் நிறுத்தினாள். வெளியே வண்டிச் சத்தம், மழை வரப்போகிற காற்று. முன்பெல்லாம் இந்த நேரத்துக்கு அடுப்பு, குழம்பு என்று மனம் வீட்டுக்கு ஓடிவிடும். இப்போது ஓடவில்லை. என் தலை அசையாமல் இருந்தது. ஹானின் விரல்களுக்குள் என் கட்டைவிரல் ஆடியது. அவள் சிரித்தாள்.